படுதாவின் எங்கள் பக்கம்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், உங்களுக்கு அந்த சர்க்கஸ் நிச்சயம் நினைவிருக்கும். நம் ஊரில் சாரம் பக்கம் அப்போது வெறும் மைதானமாகக் கிடந்த இடத்தில் வந்து இறங்கி, மழை பிடித்துக்கொண்டதால் கிளம்ப முடியாமல் மூன்று மாதம் சேற்றில் நின்ற சர்க்கஸ். யானையைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள் நீங்கள். வேலி ஓரமாக நின்று ஒட்டகத்துக்குப் பொரி நீட்டியவர்களும் நீங்கள்தான். வாசலில் தொங்கிய பெரிய படுதாவில் சிங்கம் வாயைத் திறந்துகொண்டிருக்கும், அதை அண்ணாந்து பார்த்தபடி டிக்கெட்டுக்கு நின்றிருப்பீர்கள். அந்தப் படுதாவுக்குப் பின்னால் நான் இருந்தேன். எனக்கு அப்போது ஏழு வயது.

இதை இப்போது எழுதத் தூண்டியது போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். பழைய டவுனில் புதிதாகத் திறக்கிற ஒரு காப்பிக் கடைக்குக் கண்ணாடிக் கதவில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வேலையைக் கடைக்கு உள்ளே நின்றுதான் செய்ய வேண்டும். மழையும் துடைக்கிற துணியும் படாமல் பெயிண்ட் உள்பக்கம் பத்திரமாக இருக்கும். அதனால் எழுத்தை இடம்வலம் மாற்றி, வலது கோடியிலிருந்து ஆரம்பித்து எழுத வேண்டும். தெருவில் நிற்பவர்களுக்கு அது நேராகத் தெரியும். கடைக்காரப் பெண் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டே, எப்படி ஆன்ட்டி தாள் வைத்து நகல் எடுக்காமல் அப்படியே எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். நாற்பது வருஷப் பழக்கம் என்று சொல்லிவைத்தேன். அது பொய். மாற்றி எழுதுவதுதான் எனக்கு முதலில் வந்தது. நேராக எழுதத்தான் அழுது அழுது பழகினேன்.

அம்மா பார் விளையாடுகிறவள். கூடாரத்தின் உச்சியில் ஊஞ்சல் மாதிரி தொங்கும் கம்பியைத்தான் நாங்கள் பார் என்போம். ஒரு பாரில் ஆடி வந்து கையை விட்டு, அந்தரத்தில் ஒரு கரணம் போட்டு, எதிர்ப் பாரில் தலைகீழாகத் தொங்குகிறவர் கையைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவரை கம்பெனியில் எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவோம். வியர்வையில் வழுக்காமல் இருக்க அவர்கள் கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொள்வார்கள். அந்தரத்தில் தொங்கியபடி மாமா இரண்டு தடவை கை தட்டுவார், பொடி புகையாகப் பறக்கும். கேலரியில் இருந்த நீங்கள் அதை ஏதோ வேடிக்கைக்கு என்று நினைத்திருப்பீர்கள். மிச்சப் பொடியைத் தட்டிவிடுவது ஒன்று, நான் தயார், நீ வரலாம் என்று சொல்வது இன்னொன்று. அந்தச் சத்தம் கேட்காமல் அம்மா ஒருநாளும் பாரை விட்டதில்லை. ஒருமுறை பேண்டுக்காரர்கள் அவசரப்பட்டு முரசை முழக்கிவிட்டார்கள், மாமாவின் கைதட்டல் அவள் காதில் விழவில்லை. அவள் பாரோடு ஆடித் திரும்பி வந்து உச்சியில் இருந்த மேடையிலேயே நின்றுகொண்டாள். கேலரியே சிரித்தது. மேனேஜர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பிறப்பதற்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டவர்.

எனக்கு அந்த வயதில் ஒரே ஆசைதான், பாரில் ஏற வேண்டும். ஜிகினா வைத்த நீலச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். மழை விட்டு அடுத்த ஊருக்குப் போனதும் ஏணியில் ஏற்றிவிடுகிறேன் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். துணி காயப்போடும் கழியில் தொங்கித் தொங்கி என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அதை அம்மாவிடம் பெருமையாகக் காட்டுவேன். அவள் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கெண்ணெய் தடவிவிடுவாள்.

அந்த மழையில் பின்பக்கம் முழுவதும் முட்டிவரை தண்ணீர். யானைகளை மேட்டில் கட்டிவிட்டு, எங்கள் குடித்தனக் கூடாரங்களை முன்வாசலுக்கு நகர்த்திவிட்டார்கள். எங்கள் கூடாரத்துக்கு நாலாவது சுவர் கிடையாது, வாசல் படுதாவின் முதுகுதான் சுவர். ஈர மரத்தூள் வாசம், சாணி வாசம், அம்மாவின் பவுடர் வாசம் எல்லாம் கலந்து அடிக்கும். சாயங்காலம் வெளியே பெரிய விளக்குகளைப் போட்டவுடன் படுதாவில் இருந்த எழுத்தெல்லாம் எங்கள் பக்கம் கறுப்புக் கறுப்பாகத் தெரியும். எழுத்து ஒவ்வொன்றும் என்னைவிட உயரம்.

அதற்கு முன் இரண்டு வருஷமாகத் தமிழ் ஊர்களிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் எந்த ஊரிலும் இதே படுதாதான். சின்னப் பிள்ளைகள் அதற்குப் பின்னால்தான் விளையாடுவோம். மைக்கில் அறிவிக்கிறவர் எந்த வரியை எப்போது படிக்கிறார் என்று கவனித்துக் கவனித்து எனக்குப் பழகிவிட்டது. மணலில் குச்சியால் எழுதிப் பார்ப்பேன். இன்று மூன்று காட்சிகள். யானை. ஒட்டகம். குழந்தைகளுக்கு அரை டிக்கெட். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கம்பெனியில் இருந்த மலையாளிகள் நான் தமிழ் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். தமிழ்க்காரர்கள் மலையாளம் என்று நினைத்துக்கொண்டார்கள். நேபாளத்துக்காரர்கள் இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டார்கள். ஆக, பிள்ளை தானாகவே எழுத்து கற்றுக்கொண்டது என்று கம்பெனி முழுக்க எனக்கு நல்ல பெயர்.

இதை நம்பித்தான் அம்மா ஒருநாள் என் தலையை வாரி, இருந்ததிலேயே நல்ல கவுனைப் போட்டு, எனக்குக் காரணம் சொல்லாமல் டவுனுக்குக் கூட்டிப் போனாள். வாய்க்காலுக்கு மேற்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதை நடத்தியவரை ஊரே மதாம் என்றுதான் சொல்லும். கறுப்பாக, குட்டையாக, தலைமுடியைக் கத்தரித்து, கவுன் போட்டிருப்பார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பள்ளிக்கூடத்தின் மாடியிலேயே மதாம் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளை வைத்து ஒரு விடுதியும் நடத்திவந்தார்.

பிள்ளைக்கு எழுத்து தெரியும், தானாகவே கற்றுக்கொண்டது என்று அம்மா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உயர்ந்தது இன்னும் காதில் இருக்கிறது. மதாம் என்னிடம் சிலேட்டைக் கொடுத்தார். நான் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, இன்று மூன்று காட்சிகள் என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தேன்.

மதாம் சிலேட்டை இப்படிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். பிரெஞ்சில் படித்தவர், தமிழ் எழுத்து அவருக்கே கொஞ்சம் தகராறு. என் கோணல் எழுத்தில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுத்தான் அம்மாவிடம் பேசினார்.

“இது எழுத்து இல்லம்மா. சும்மா கோடு கிழிக்குது. வயசுக்கேத்த புத்தி இன்னும் வரல. உங்கூடவே வச்சிக்கோ, அங்க ஏதாவது ஒரு வேலை பழகிக்கும்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. புத்தி இல்லை என்றால் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை என்றால் பார்தான். பிஸ்கட்டை நக்கிக்கொண்டே குதித்துக் குதித்து நடந்தேன்.

அம்மா அன்றைக்குப் பின்வழியாகப் போகவில்லை. கலைஞர்கள் முன்வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய முகத்தை ஜனங்கள் ரோட்டில் இலவசமாகப் பார்த்துவிடக் கூடாதாம். அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாதவள், அன்றைக்கு மெயின் ரோட்டு வழியாகவே வந்து படுதாவுக்கு எதிரே நின்றுவிட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. படிக்கத் தெரியாத எழுத்தையே வெகுநேரம் பார்த்தாள். அந்த எழுத்துமேல் அவளுக்குக் கோபமா ஏக்கமா என்று தெரியவில்லை. யாராவது பார்க்கப்போகிறார்கள் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

அன்று சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டதால் ஆட்டம் உண்டு என்றார்கள். அம்மா கைக்கண்ணாடியைக் கூடாரக் கம்பத்தில் மாட்டிவைத்துக்கொண்டு முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூலை உடைந்த, தகரச் சட்டம் போட்ட கண்ணாடி. பின்னால் தகரப்பெட்டியின் மூடியில் அவளுடைய வெள்ளைப் பொடியைத் தொட்டுத் தொட்டு நான் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கை நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்தாள், திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். பொடியை வீணாக்கியதற்கு அடி விழப்போகிறது என்று நான் ஒதுங்கினேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காலையில் ரோட்டில் நின்று பார்த்துப் பார்த்து அந்த வடிவங்கள் அவள் கண்ணில் ஏறியிருந்தன. கண்ணாடிக்குள் அதே வடிவங்கள் இருந்தன. பெட்டிமேல் இருந்தது வேறு மாதிரி.

“இத எங்க பாத்து எழுதுன?”

நான் எங்கள் சுவரைக் காட்டினேன். விளக்குப் போட்டுவிட்டதால் படுதா முழுக்க எழுத்தாக நின்றது.

“அந்தப் பக்கம் இருக்கிறத நீ பாத்ததே இல்லயா?”

“அது மறுபக்கம்மா. உன் சட்டையில உள்பக்கம் நூலெல்லாம் கோணலா இருக்குமே, அந்த மாதிரி. நம்ம பக்கம்தான் நேரா இருக்கு.”

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பாதி முகம் வெள்ளை, பாதி முகம் கறுப்பு, கண்ணில் நீர் வழிந்து பவுடரில் கோடு போட்டது. மறுபடி முகத்துக்குப் போட்டுக்கொண்டு ஓடியதில் அன்றைக்கு நுழைய வேண்டிய நேரம் தவறிவிட இருந்தது.

மறுநாளே போய் மதாமிடம் என்ன சொன்னாளோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், கொட்டுகிற மழையில், குடை பிடித்துக்கொண்டு மதாம் எங்கள் கூடாரத்துக்கு வந்துவிட்டார். செருப்பில் ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, மாமா போய்ப் பிடுங்கிக் கொடுத்தார். மதாமைத் தகரப்பெட்டிமேல் உட்காரவைத்தார்கள். வானம் இருட்டிக் கிடந்தது. படுதா ஈரத்தில் கறுத்துத் தொங்கியது, அதில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மதாம் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இதில் என்னம்மா இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார்.

அம்மா வெளியே போனாள். மழையில் நனைந்தபடி, ரிங்கில் நிற்கிற மாதிரி கால்களைச் சேர்த்து நின்று, ஒரு கையை உயர்த்தி, விளக்கு என்று குரல் கொடுத்தாள். லைட்காரரிடம் முதலிலேயே சொல்லிவைத்திருக்கிறாள். பட்டப்பகலில் ஜெனரேட்டர் உறுமியது. மேனேஜர் பனியனோடு ஓடிவந்து, யாரைக் கேட்டு டீசலை எரிக்கிறாய் என்று கத்தினார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே படுதாவில் எழுத்து எழும்பிவிட்டது.

மதாம் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் படுதாவில் விரலை வைத்து, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். இன்று மூன்று கா என்று வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார், மழையும் சென்ட்டும் கலந்த வாசம்.

“தப்பு என்னுதும்மா,” என்றார் அம்மாவிடம். “நீங்க கிளம்பற அன்னிக்குக் கொண்டாந்து விடு. விடுதியிலயே இருக்கட்டும்.”

நான் அழுத அழுகையைக் கேட்டு யானைப் பாகன் வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு எழுதவே தெரியாது, கோடுதான் கிழிப்பேன் என்று மதாமின் கவுனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். பார் போய்விட்டது, நீலச் சட்டை போய்விட்டது, அம்மாவும் போகப்போகிறாள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என் கால் குட்டை, எனக்குப் பார் வராது, அதனால் அம்மாவுக்கு நான் வேண்டாம். இந்தக் காரணத்தை வெகுநாள் நெஞ்சில் வைத்திருந்தேன்.

அவள் எனக்குத் தலை பின்னுகிற விதத்தை வைத்தே உண்மையான காரணம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அம்மாவால் காலையில் இடது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாது. மூன்று கால் பின்னலில் ஒரு காலை நான்தான் பின்னால் கையை விட்டுப் பிடித்துக்கொள்வேன், மற்ற இரண்டையும் அவள் ஒற்றைக் கையால் சமாளிப்பாள். எல்லா வீட்டிலும் தலை அப்படித்தான் பின்னுவார்கள் என்று நினைத்திருந்தேன். விடுதியில் ஒரு பெரிய பெண் இரண்டு கையாலும் என் தலையைப் பின்னியபோது, வழக்கம்போலப் பிடித்துக்கொள்ளக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். என்னடி பண்ற என்று கேட்டாள். பாரில் ஏறினவர்களின் தோள் என்ன ஆகும் என்பது எனக்குப் புரிய அதற்குப் பிறகும் பல வருஷம் பிடித்தது.

மழை விட்டது. லாரிகள் கிளம்புகிற அன்று காலை அம்மா என்னை விடுதிக்குக் கூட்டி வந்தாள். எனக்குக் கொடுத்த கட்டிலின் நாலு மூலையையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், ஆட்டத்துக்கு முன்னால் வலையை ஆட்டிப் பார்ப்பது போலவே. மாடிப்படியின் கைப்பிடியையும் விடவில்லை. பிறகு கீழே வந்து வாசலில் நின்றோம். லாரி தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை. நேரமாகிறதே என்று தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது வகுப்பிலிருந்து மதாம் வேகமாக இறங்கி வந்தார், இரண்டு கையிலும் சாக்பீஸ் தூசி. பட்பட்டென்று இரண்டு தடவை தட்டிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். அம்மா என் கையை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் தெருமுனைக்கு நடந்தாள்.

நான்கைந்து மாதத்தில் நேராக எழுத வந்துவிட்டது. கம்பெனி போகிற ஊருக்கெல்லாம் வாராவாரம் கடிதம் எழுதச் சொல்லுவார் மதாம். அங்கே மைக்குக்காரர் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். நலம், நலமறிய ஆவல், பரீட்சையில் மூன்றாவது. ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். அம்மா வரவில்லை, வர முடியாது. அந்தக் கோபத்தில், வேறு யாருக்கும் புரியக் கூடாது என்று, பழைய மாதிரியே மாற்றி ஒரு கடிதம் எழுதினேன். ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய், எனக்குப் பார் வராது என்பதாலா? அவ்வளவுதான் கடிதம். அதற்குப் பதில் வரவில்லை. மற்ற கடிதங்களுக்கெல்லாம் மைக்குக்காரர் கையெழுத்தில் பதில் வந்துகொண்டிருந்தது. நானும் கேட்கவில்லை. நாளாக ஆக மறந்தும்போனேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. தபால்காரர் அதைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “இன்னா பாஷ இது, ஒரு எழுத்தும் புரியலயே” என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். மதாம் வாங்கிப் பார்த்துவிட்டு, இது உனக்குத்தான் என்று என்னிடம் நீட்டினார். பெரிய பெரிய எழுத்து, பென்சில், அழித்து அழித்து எழுதியது, எல்லாம் இடம்வலம் மாற்றி.

நான் மாற்றி எழுதிய அந்தக் கடிதத்தை மைக்குக்காரரிடம் காட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. அது யாருக்கும் காட்டுகிற கடிதம் இல்லை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. அதைத் தானே படிப்பதற்காக எழுத்து கற்றுக்கொண்டிருக்கிறாள், முப்பது வயதுக்குமேல், ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில். கைக்கண்ணாடியில் காட்டிக் காட்டி என் வரியைப் படித்திருக்கிறாள். பதிலையும் அதே கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். இதெல்லாம் பின்னால் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்தக் கண்ணாடி பிறகு எந்த ஊரில் தொலைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கார்டைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மூன்றே வரி.

“உனக்கு பார் நல்லா வரும் பாப்பா. அதான் பயந்தேன். மதாம் கை தட்டின பிறகுதான் நான் கையை விட்டேன்.”

வாசல்படியில் உட்கார்ந்து, கடந்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். மதாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. பாரைப் பற்றியும், மாமாவைப் பற்றியும், கைப்பொடியைப் பற்றியும், தட்டுகிற சத்தம் கேட்காமல் அம்மா பாரை விடமாட்டாள் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மதாம் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அதில் சாக்பீஸ் இருந்தது.

“நான் தூசியத்தானேடி தட்டுனேன்,” என்றார். கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு, “அத உங்கம்மாவுக்கு எழுதிடாத” என்றார்.

அதற்குப் பிறகு என் படிப்பு முடிகிறவரை ஒரு விடுமுறைக்குக்கூட மதாம் என்னைத் தனியாக விட்டதில்லை. நான் முதன்முதலில் எழுதிய கண்ணாடி, அவர் தம்பியின் மருந்துக்கடைக் கண்ணாடிதான். அம்மா தோள் முற்றிலும் போன பிறகு சர்க்கஸை விட்டு வந்து, சாரத்தில், அந்தப் பழைய மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி, என்னோடு பதினெட்டு வருஷம் இருந்தாள். நான் வேலை செய்கிற கடைக்கெல்லாம் வந்து, உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுத எழுதப் படித்துக்கொண்டிருப்பாள். மதாமைப் பற்றிப் பேச்சு வந்தால், நேரம் பார்த்து கை தட்டத் தெரிந்த மனுஷி என்று எல்லோரிடமும் சொல்லுவாள். நான் ஏணிமேல் நின்றபடி, ஆமாம்மா என்பேன்.